கைஜூவுக்கு எந்தத் திணை?

(வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். விளையாட்டு வடிவமைப்பு என்று அறிவித்திருந்ததால் கம்ப்யூட்டரை எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். என்னிடம் இருப்பது ஒரு சீட்டுக்கட்டு, ஒரு பகடை, நாற்பது பக்க நோட்டு ஒன்று. ஒருவர் தனியாக உட்கார்ந்து ஆடுவது. கதை கைஜூவோடு மோதுவது; கைஜூ என்றால் ஜப்பானியப் படங்களில் வரும் ராட்சச மிருகம். சீட்டை எடுத்தால் அதற்கென்று ஒரு கேள்வி இருக்கும். பதிலை டைரியாக எழுத வேண்டும். சீட்டு தீரும்போது கையில் ஒரு கதை இருக்கும்.

இந்த வகையில் இரண்டு விளையாட்டுகளை நான் பாடமாகவே படித்தேன். ஒன்று, டிம் ஹட்சிங்ஸ் செய்த 'தவுசண்ட் இயர் ஓல்ட் வாம்பயர்'. அதில் ரத்தக்காட்டேரியின் தலையில் ஐந்து நினைவுகளுக்குத்தான் இடம். புதிதாக ஒன்று வர வேண்டுமென்றால் பழையதில் ஒன்றை விட்டுத்தர வேண்டும். நம் கையாலேயே எழுதியதை நாமே அடிக்கும்போது வயிற்றைப் பிசையும். இன்னொன்று 2020இல் கிறிஸ் பிசெட் வெளியிட்ட 'தி ரெச்சட்'. விண்கலத்தில் தனியாக மாட்டிக்கொண்ட ஒருவரின் பதிவுகள். பக்கத்தில் மரக்கட்டைக் கோபுரம் ஒன்று நிற்கும், சில சீட்டுகள் ஒரு கட்டையை உருவச் சொல்லும். கோபுரம் சரிந்தால் கதை முடிந்தது.

சரி, இதில் ராட்சச மிருகத்தை எங்கே நுழைப்பது? முதல் வடிவத்தில் கைஜூவுக்கு, அடி விழ விழக் குறைகிற உயிர்ப்புள்ளி நூறு கொடுத்தேன், ஆடுபவர் அதோடு மோத ஓட்டும் ராட்சத இயந்திரத்துக்கும் நூறு. நண்பர் ஒருவரிடம் கொடுத்து ஆடச் சொன்னேன். "அடித்தேன். அது திருப்பி அடித்தது. மறுபடி அடித்தேன்" என்று எழுதி, மூன்றாம் பக்கத்தில் நோட்டை மூடி வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அவர் மேல் தப்பில்லை.

அப்புறம் பழைய படங்களை மறுபடி பார்க்க உட்கார்ந்தேன். 1954 மார்ச் 1ஆம் தேதி பிகினி தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தபோது, அதன் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகில் இருந்த 23 பேர் மேல் விழுந்தது. அந்தச் சம்பவத்தின் பாதிப்பில் அதே ஆண்டு நவம்பரில் வந்த முதல் காட்ஜில்லா படம், கடலில் ஒரு வெளிச்சத்தோடும் மூழ்கும் கப்பலோடும் ஆரம்பிக்கிறது. மிருகம் தலைகாட்டுவதற்கு நெடுநேரம் முன்பே, கரையில் உறவினர்கள் சேதி கேட்டு அலைமோதுகிறார்கள். 1995இல் தொடங்கிய 'இவாஞ்சலியன்' என்ற ஜப்பானியக் கார்ட்டூன் தொடரில், ராட்சத இயந்திரத்துக்கு மின்சாரம் தரும் கேபிள் அறுந்தால் உள் பேட்டரி ஐந்து நிமிடம்தான் தாங்கும். சண்டை அவ்வளவுதான். மீதி நேரமெல்லாம் அதை ஓட்டும் பதினாலு வயதுப் பையன் ரயிலில் உட்கார்ந்திருப்பான், கூரையைப் பார்த்துப் படுத்திருப்பான்.

அங்கேதான் எனக்குப் பிடி கிடைத்தது. டைரி என்பதே சண்டை முடிந்த ராத்திரி எழுதுவது. ஆகவே கேள்விகளைச் சண்டையிலிருந்து பிடுங்கி அதற்கு முந்திய, பிந்திய பொழுதுகளில் நட்டேன். "பயமாக இருந்ததா?" என்று கேட்டால் "ஆமாம்" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். "எந்தக் கதவைப் பூட்டாமல் வந்தாய்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு வீடு வந்துவிடும், அதில் ஒரு ஆளும் வந்துவிடுவார்.

கொஞ்சம் கணக்கு. முழுக்கட்டு வேண்டாம் என்று முடிவு செய்தேன். ஏஸிலிருந்து ஆறு வரை நாலு ஜாதியிலும் (ஆட்டின், டைமண்ட், கிளாவர், இஸ்பேடு) 24, கூட நாலு ராஜா, ஆக 28 சீட்டு. ராஜா வந்தால் கைஜூ கரையை நெருங்குகிறது. நாலாவது ராஜா சராசரியாக 23ஆவது சீட்டில் வரும். கதையின் ஒவ்வொரு நாளுக்கும் பகடை உருட்டி விழுந்த எண்ணுக்குச் சீட்டு எடுத்தால், கதை ஏறக்குறைய ஒரு வாரம் ஓடும். ஆடுபவருக்குச் சீட்டுக்கு ஐந்து நிமிடம் என்றால் மொத்தம் இரண்டு மணி நேரம். முழுக்கட்டில் இது மூன்றரை மணி நேரம் போகும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவ்வளவு தாங்காது.

தமிழில் எழுத ஆரம்பித்ததும் வேறு வம்பு வந்தது. சீட்டில் இருக்கும் கேள்வி, ஆடுபவரை 'நீ' என்று கூப்பிடுவதா, 'நீங்கள்' என்பதா? எல்லாவற்றிலும் 'நீங்கள்' போட்டேன், பேங்க் படிவம் மாதிரி இருந்தது. எல்லாவற்றிலும் 'நீ' போட்டால் யாரோ அதட்டுகிற மாதிரி. கடைசியில் ஜாதிக்கு ஒன்றாகப் பிரித்தேன். டைமண்ட் சீட்டுகள் தலைமையகத்தின் குரல், அதனால் 'நீங்கள்'. ஆட்டின் சீட்டுகள் வீட்டாள் குரல், அதனால் 'நீ'. கிளாவர் தெரு பேசுவது, அது ஆளைப் பார்த்து இரண்டையும் பேசும். இஸ்பேடு மட்டும் யாரையும் கூப்பிடாது. 'கடல் பின்வாங்கிய இடத்தில் என்ன கிடந்தது?' என்பதோடு சரி.

இதைவிடப் பெரிய வம்பு, கைஜூ. ஜப்பானிய வினைச்சொல்லில் பால் விகுதி கிடையாது. நமக்கோ ஒவ்வொரு வினைமுற்றிலும் அது ஒட்டிக்கொண்டு நிற்கும். வந்ததா, வந்தானா, வந்தாளா? பள்ளிக்கூடத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டே படித்த திணைப் பாகுபாடு இங்கே வந்து குறுக்கே படுத்துக்கொண்டது. மொழிபெயர்ப்புத் தொல்லை என்று சில நாள் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு தோன்றியது, அதையே விதியாக்கிவிட்டால் என்ன?

முதல் இரண்டு ராஜா வரைக்கும் ஆடுபவர் 'அது' என்றுதான் எழுத வேண்டும். மூன்றாவது ராஜா வந்ததும் சீட்டு கேட்கும்: 'இவ்வளவு நாள் பார்த்துவிட்டாய். இனி எப்படிச் சொல்வாய்?' அதற்கப்புறம் எழுதும் ஒவ்வொரு வாக்கியமும் அந்த முடிவின்படி முடிய வேண்டும். எழுதிப் பார்த்தவர்களில் பாதிப் பேர் 'அது'விலேயே நின்றார்கள். ஒருவர் 'அவன்' என்றார், ஆத்திரத்தில். ஒரு கல்லூரி மாணவி 'அவர்' என்று எழுதினாள். ஏனம்மா என்றேன். "வயசானவர் மாதிரி நடந்தார் சார்" என்றாள். கைஜூ நடப்பதைப் பற்றி என் சீட்டு எதிலும் ஒரு வார்த்தைகூட இல்லை.

கடைசி விதி இது. நாலாவது ராஜா வந்தால் கேபிள் அறுந்துவிட்டது என்று அர்த்தம். செல்போனில் ஐந்து நிமிடம் அலாரம் வைத்து, பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல் எழுத வேண்டும். அதுவரை இறந்தகாலத்தில் ஓடிய டைரி இங்கே நிகழ்காலத்துக்கு மாற வேண்டும், ஏனென்றால் எழுதுவதற்கு இனி ராத்திரி கிடையாது. மணி அடித்தால் பாதிச் சொல்லில் இருந்தாலும் நிறுத்திவிட வேண்டும்.

அந்த மாணவியின் நோட்டில் கடைசிப் பக்கத்தை, அவள் அனுமதியோடு, வாசிக்கிறேன்:

"பேட்டரி விளக்கு சிவப்பாகிவிட்டது. துறைமுகத்தில் யாரும் இல்லை. ஐஸ் பெட்டிகள் மட்டும் மிதக்கின்றன. அவர் குனிகிறார். முதுகிலிருந்து தண்ணீர் வடிகிறது, மொட்டை மாடியிலிருந்து மழைத்தண்ணீர் வடிகிற மாதிரி. நான் கையைத் தூக்கவில்லை. அவர் என்னைப் பார்க்"

அடுத்து 'கிறார்' என்று வருமா, 'கவில்லை' என்று வருமா என்று கேட்டேன்.

"மணி அடித்துவிட்டதே சார்" என்றாள்.