வரப்போரப் புற்று

நேயர்களுக்கு வணக்கம்.

கரையானைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன் என்று சொன்னதும் பலரும் கேட்பது, அதை ஒழிக்க நல்ல மருந்து எது என்பதைத்தான். கதவு நிலையைப் பறிகொடுத்தவரின் கவலை நியாயமானதே. ஆனால் உலகில் உள்ள சுமார் 3000 கரையான் இனங்களில் வீட்டுக்கும் பயிருக்கும் தொல்லை தருபவை மிகக் கொஞ்சம். மற்றவை மண்ணுக்குள் என்ன செய்கின்றன என்று பார்ப்பதிலேயே என் பணிக்காலம் போனது.

தென்னிந்தியாவில் ஆளுயரப் புற்று கட்டும் இனம் ஒன்று உண்டு, ஒடோன்டோடெர்மஸ் ஒபீசஸ். அந்தப் புற்றில் சின்னதாக ஒரு ஓட்டை போட்டுப் பாருங்கள். முதலில் சிப்பாய்க் கரையான்கள் தாடையை விரித்துக்கொண்டு வரும். பின்னாலேயே வேலைக்காரக் கரையான்கள், ஆளுக்கொரு ஈரமண் உருண்டையை வாயில் கவ்வி வந்து ஓட்டையை அடைக்கும். இவற்றுக்குக் கண்பார்வையே கிடையாது!

உள்ளே பழுப்பு நிறத்தில், துளைத் துளையாகக் கட்டிகள் இருக்கும். தின்ற சருகும் மரத்தூளும் பாதி செரித்து வெளிவர, அதை அடுக்கி அதன்மேல் பூஞ்சை வளர்க்கின்றன. கெட்டியான மரநாரை அந்தப் பூஞ்சைதான் இளக்கிக் கொடுக்கிறது. மழைக்குப் பிறகு புற்றில் முளைக்கும் காளானைப் பறித்துக் குழம்பு வைக்கிறோமே, அது இந்தத் தோட்டத்து விளைச்சல்.

சரி, இத்தனை உயிர்களுக்கும் காற்று? பெங்களூரில் இதே இனத்தின் புற்றுகளுக்குள் அளந்து பார்த்த ஆய்வு 2015-இல் வெளியானது. பகலில் புற்றின் வெளிப்புற மடிப்புகள் சீக்கிரம் சூடாகி அங்கே காற்று மேலேறுகிறது, நடுக்குழாயில் கீழிறங்குகிறது. இரவில் அப்படியே தலைகீழ். பகலெல்லாம் சேர்ந்த கரியமில வாயு அப்போதுதான் வெளியேறுகிறது.

காட்டுக்கு இவற்றால் என்ன பயன் என்பதை போர்னியோவின் மாலியாவ் படுகையில் சோதித்தார்கள். சில இடங்களில் கரையானைக் குறைத்தார்கள், சில இடங்களை அப்படியே விட்டார்கள். 2015-16 எல் நினோ வறட்சி வந்தது. விட்டுவைத்த இடங்களில் கரையான் இரு மடங்குக்கு மேல் பெருகியது. அங்கே மண்ணின் ஈரம் 36 சதவீதம் அதிகம், பிழைத்த நாற்றுகள் 51 சதவீதம் அதிகம். மழை பெய்த காலத்தில் இந்த வித்தியாசம் தெரியவில்லை. மானாவாரி விவசாயிகளிடம், வரப்போரப் புற்றை இடிக்காமல் விட்டுவையுங்கள் என்று நான் கேட்டுக்கொள்வது இதனால்தான்.