ஊறுகாய் வினிகர் புற்றுநோயைக் காட்டிக்கொடுக்குமா? ஒரு நிமிடச் சோதனையின் முழுக் கதை

(திரையில்: கிண்ணத்தில் வினிகர், பக்கத்தில் அயோடின் பாட்டில், ஒரு டார்ச் லைட்)

இந்த மேசையில் இருப்பதை நன்றாகப் பாருங்கள். ஊறுகாய் கெடாமல் இருக்க ஊற்றுகிற வினிகர். பள்ளிக்கூட லேபில் பார்த்த அயோடின். கரண்ட் போனால் தேடுகிற டார்ச். கர்ப்பப்பை வாயில் பல வருடம் கழித்துப் புற்றுநோயாக மாறக்கூடிய ஒரு இடத்தை இன்றைக்கே கண்ணால் பார்க்க, அடிப்படையில் இந்த மூன்றும் போதும். ஸ்கேன் வேண்டாம், மைக்ராஸ்கோப் வேண்டாம். ரிசல்ட்டுக்கு ஒரு நிமிடம்!

கமெண்ட் போட ஓடுவதற்கு முன்னால் ஒன்று: இதை யாரும் வீட்டில் முயற்சி செய்யக் கூடாது. நர்ஸ்கள் தடவுவது 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலம். அதை அளந்து, தண்ணீர் கலந்து, அன்றன்றைக்குப் புதிதாகத் தயாரிப்பார்கள். நீர்க்காத அமிலம் பட்டால் தோலே வெந்துபோகும். வினிகர் பாட்டிலைச் சமையலறையிலேயே வைத்துவிடுங்கள்.

சரி, பின்னணியை வேகமாக முடித்துவிடுகிறேன். இந்தப் புற்றுநோய்க்கு ஏறக்குறைய எல்லா நேரமும் காரணம் ஹெச்பிவி என்கிற வைரஸ். பெரும்பாலான பெண்களுக்கு அது ஓரிரு வருடத்தில் தானாகப் போய்விடும். போகாமல் தங்கினால், புற்றுநோயாக மாறப் பொதுவாகப் பத்து வருடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். 2022 மதிப்பீட்டின்படி இந்தியாவில் அந்த ஒரே வருடத்தில் புதிதாகச் சுமார் 1,27,000 பேருக்கு வந்தது, கிட்டத்தட்ட 80,000 பேர் இறந்தார்கள். பத்து வருடம் அவகாசம் கொடுக்கிற நோய் இத்தனை பேரைக் கொல்வது எனக்குச் சுத்தமாகப் புரியாத விஷயம்.

பின்னணி முடிந்தது. இப்போது எனக்குப் பிடித்த பகுதி, கெமிஸ்ட்ரி! பத்தாம் வகுப்போடு கெமிஸ்ட்ரிக்குக் கும்பிடு போட்டவர்களும் இருங்கள், பரீட்சை எல்லாம் இல்லை.

(திரையில்: சட்டியில் முட்டை உடைத்து ஊற்றுவது, மெதுவாக)

முட்டையை உடைத்துச் சூடான சட்டியில் ஊற்றும்போது, கண்ணாடி மாதிரி இருந்த வெள்ளைக்கரு பால் நிறமாகிறது அல்லவா? புரதம் திரள்கிறது, வெளிச்சம் ஊடுருவ முடிவதில்லை. கர்ப்பப்பை வாயிலும் நடப்பது ஏறத்தாழ அதுதான், ஆனால் சூட்டால் இல்லை, அமிலத்தால். மேற்பரப்பில் இருக்கும் சாதாரண செல்லுக்கு உட்கரு சின்னது, அதனால் அதில் திரளுவதற்கு அதிகப் புரதம் இல்லை. அமிலம் பட்டாலும் அந்த இடம் இளஞ்சிவப்பாகவே இருக்கும், அடியில் ஓடும் ரத்த நாளங்களின் நிறம் அது. வைரஸ் கெடுத்த செல்லில் உட்கரு பெருத்திருக்கும், செல்களும் நெருக்கியடித்து நிற்கும். அமிலம் உள்ளே போனதும் அந்தப் புரதமெல்லாம் திரண்டு, அடியில் இருக்கும் சிவப்பை மறைத்துவிடும். நமக்குத் தெரிவது பளிச்சென்று ஒரு வெள்ளைத் திட்டு.

முட்டை உதாரணம் இதோடு நின்றுவிடுகிறது, அதுதான் அழகே. வெந்த முட்டை திரும்பப் பச்சை முட்டை ஆகாது. இந்த வெள்ளை பழைய நிறத்துக்கே திரும்பும்! சில நிமிடத்தில் அமிலத்தின் வேகம் தணிந்ததும் திட்டு மெல்ல மங்கிவிடும். அதனால்தான் நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார். ஒரு நிமிடத்துக்கு முன்பே பார்த்துவிட்டு ‘ஒன்றுமில்லை’ என்று சொன்னால் தப்பாகிவிடும். ரொம்ப நேரம் விட்டாலும் தப்பாகிவிடும். வெள்ளை எங்கே, எப்படி இருக்கிறது என்பதும் முக்கியம். உள்பக்கச் செல்லும் வெளிப்பக்கச் செல்லும் சந்திக்கிற எல்லைக்கோட்டை ஒட்டி, விளிம்பு தெளிவாக, அடர்த்தியாக இருந்தால்தான் பாசிட்டிவ். அங்கங்கே மங்கலாகப் பூத்த மாதிரி இருந்தால் கணக்கில் வராது.

அப்புறம் அயோடின். உருளைக்கிழங்கில் அயோடின் விட்டால் கருநீலம் ஆகும், ஸ்டார்ச் டெஸ்ட், எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். நம் உடம்பும் ஸ்டார்ச்சுக்கு நெருங்கிய சொந்தமான ஒன்றைச் சேர்த்து வைக்கிறது. அது கிளைக்கோஜன், அயோடின் பட்டால் செம்பழுப்பாகும். கர்ப்பப்பை வாயின் வெளிப்பக்கத்தில் நன்றாக முதிர்ந்த செல்களில் கிளைக்கோஜன் நிறைய இருக்கும். அந்தப் பகுதியில் வாழும் நல்ல பாக்டீரியாக்களுக்குச் சாப்பாடே அதிலிருந்துதான் கிடைக்கிறது. அதை லாக்டிக் அமிலமாக்கி, கெட்ட கிருமிகள் அண்டாமல் அவை பார்த்துக்கொள்கின்றன. ஆனால் கெட்டுப்போகத் தொடங்கிய செல்லில் கிளைக்கோஜன் கையிருப்பு இருக்காது. ஆக, அயோடின் தடவினால் நல்ல இடமெல்லாம் பழுப்பாகும், கெட்ட இடம் மட்டும் கடுகு மஞ்சளாக நிற்கும். வினிகர் கெட்டதற்கு நிறம் கொடுக்கிறது, அயோடின் நல்லதற்கு. ஒரே இடத்தை இரண்டு எதிர்த் திசையிலிருந்து பார்க்கிற மாதிரி. இதை யோசித்தவர் வியன்னாவில் இருந்த வால்ட்டர் ஷில்லர், 1920களின் கடைசியில். கிட்டத்தட்ட நூறு வருடப் பழைய சோதனை!

அமிலத்தைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஜெர்மனியின் ஹான்ஸ் ஹின்செல்மன். கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் கால்போஸ்கோப் கருவியை 1925இல் உருவாக்கியவரும் அவர்தான். கைதட்டிவிடாதீர்கள். நாஜி ஆட்சியில் நடந்த கட்டாயக் கருத்தடைகளுக்காகப் போருக்குப் பிறகு அவர் தண்டனை பெற்றார்.

கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களைத் தேய்த்து எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கிற பேப் ஸ்மியர் இருக்கும்போது இது எதற்கு? பேப் ஸ்மியருக்கு ஸ்லைடு, லேப், அதைப் படிக்கத் தெரிந்த நிபுணர், அப்புறம் ரிசல்ட் வாங்க அந்த அம்மா இன்னொரு நாள் கூலியை விட்டுவிட்டுத் திரும்பி வருவது, இத்தனையும் வேண்டும். அவ்வளவுதான் பதில்.

(திரையில்: திண்டுக்கல் மாவட்ட வரைபடம்)

இந்த வினிகர் சோதனை உயிரைக் காப்பாற்றுமா என்று உலகத்துக்கே காட்டிய ஊர்களில் ஒன்று, பூட்டுக்கும் பிரியாணிக்கும் பெயர்போன நம் திண்டுக்கல்! 2000ஆம் ஆண்டில் தொடங்கினார்கள். அம்பிளிக்கையில் இருக்கும் கிறிஸ்தவ ஐக்கிய சமூக சுகாதார மையம், அடையாறு புற்றுநோய் நிலையம், பிரான்ஸிலிருந்து சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் எல்லாம் சேர்ந்து செய்த வேலை. தலைமை தாங்கியவர் டாக்டர் சங்கரநாராயணன். மாவட்டத்தில் 114 பகுதிகளை எடுத்து, அதில் பாதிப் பகுதிகளில் மட்டும் 30 முதல் 59 வயதுப் பெண்களைச் சோதனைக்குக் கூப்பிட்டார்கள். சோதித்தவர்கள் பெரிய டாக்டர்கள் இல்லை, பயிற்சி எடுத்த நர்ஸ்கள். 49,311 பேரைக் கூப்பிட்டதில் 31,343 பேர் வந்தார்கள். 2007இல் லான்செட் என்கிற மருத்துவ இதழில் முடிவு வந்தது: கூப்பிடாத பகுதிகளைவிடக் கூப்பிட்ட பகுதிகளில் புதிதாக நோய் வந்தது 25 சதவீதம் குறைவு, இறப்பு 35 சதவீதம் குறைவு. மும்பைக் குடிசைப் பகுதிகளில் டாடா நினைவு மருத்துவமனை ஒன்றரை லட்சம் பெண்களை வைத்து நடத்திய இன்னொரு ஆய்விலும் இறப்பு 31 சதவீதம் குறைந்தது.

இங்கேயே வீடியோவை முடித்தால் லைக் அள்ளும். ஆனால் மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. அங்கே வினிகர் சோதனையால் இறப்பு சொல்லிக்கொள்கிற அளவுக்குக் குறையவில்லை. அதே ஆய்வில் ஒரே ஒரு முறை ஹெச்பிவி பரிசோதனை செய்த பெண்களிடையே இறப்பு பாதியாகக் குறைந்தது. காரணம் ஊகிக்கக் கூடியதுதான். வினிகர் சோதனையில் கருவி என்பது பார்ப்பவரின் கண். பயிற்சியும் மேற்பார்வையும் சரியில்லை என்றால் சோதனையும் சரியில்லை. உலக சுகாதார நிறுவனமும் 2021இல் ஹெச்பிவி பரிசோதனையைத்தான் முதல் தேர்வாகச் சொன்னது. என் கருத்து: உங்கள் ஊரில் அது கிடைத்தால் அதையே செய்யுங்கள். கிடைக்கவில்லை என்றால் ‘வரட்டும் பார்க்கலாம்’ என்று ஐந்து வருடம் உட்கார்ந்திருக்க வேண்டாம், வினிகர் சோதனை இருக்கிறது.

இன்னொரு முக்கியமான விஷயம், பாசிட்டிவ் என்றாலே புற்றுநோய் என்று அர்த்தம் இல்லை. திண்டுக்கல்லில் சோதித்தவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்குப் பாசிட்டிவ் வந்தது, அதில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இல்லை. தொற்று, ஆறுகிற புண் கூட வெள்ளையாகத் தெரியலாம். அடுத்து கால்போஸ்கோப்பில் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் துளி சதை எடுப்பார்கள். புற்றுநோய்க்கு முந்தைய நிலை மாற்றம்தான் என்றால் பலருக்குக் குளிர் வாயுவால் உறையவைத்தே சரிசெய்துவிடலாம்: மூன்று நிமிடம் உறையவைத்து, ஐந்து நிமிடம் விட்டு, மறுபடி மூன்று நிமிடம். பெரும்பாலும் மயக்க மருந்து வேண்டியதில்லை, அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்.

மாதவிடாய் நின்றவர்களுக்கு வினிகர் சோதனை அவ்வளவாகப் பொருந்தாது, பார்க்க வேண்டிய எல்லைக்கோடு உள்ளே போய்விடும். உடலுறவுக்குப் பிறகு ரத்தம், மாதவிடாய் நின்றபிறகு ரத்தம், துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் என்று ஏதாவது இருந்தால் ஸ்கிரீனிங் முகாமுக்குக் காத்திருக்காமல் நேராக டாக்டரிடம் போங்கள்.

தமிழ்நாட்டில் 30 வயது தாண்டிய பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இந்தச் சோதனை இலவசம். இருந்தும் தேசியக் குடும்ப நல ஆய்வு 2019–21இல் கேட்டபோது, 30 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட ஒருமுறையும் சோதித்திருக்கவில்லை. இந்தியா முழுக்க எடுத்தால் இரண்டு பேர்கூட இல்லை. கூச்சம்தான் பெரிய தடை என்று நினைக்கிறேன். பெண் நர்ஸ்தான் வேண்டும் என்று கேளுங்கள், திரைச்சீலையை இழுத்துவிடச் சொல்லுங்கள். மாதவிடாய் இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள். அமிலம் பட்டால் லேசாக எரியும், அவ்வளவுதான். அயோடினும் தடவினார்கள் என்றால் ஓரிரு நாள் பழுப்பாகக் கசியும், ஒரு பேட் எடுத்துப் போங்கள், நல்ல சேலையை வீட்டில் விட்டுவிடுங்கள். அயோடின் ஒத்துக்கொள்ளாதவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஏற்கனவே செய்துகொண்ட அக்காக்கள் யாராவது இருந்தால், உண்மையில் எவ்வளவு நேரம் ஆனது, வலித்ததா என்று கமெண்ட்டில் எழுதுங்கள். நான் பேசுவதைவிட நீங்கள் எழுதுவதைத்தான் மற்றவர்கள் நம்புவார்கள், அதைப் பின் செய்து வைக்கிறேன். அடுத்த வீடியோ ஹெச்பிவி தடுப்பூசி, எந்த வயதில் எத்தனை ஊசி என்று பார்க்கலாம்.