மழைக்கு எட்டாத புகை

(மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் தமிழ்ப்பள்ளி மாணவர்களும் பெற்றோரும் கூடியிருந்த மண்டபத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

ஆசிரியர்களே, பெற்றோர்களே, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

நம் பேராக்கில் கனலும் எரிமலை எதுவும் கிடையாது. ஆனால் எரிமலைச் சாம்பல் உண்டு. கோலகங்சாரைத் தாண்டி கிரிக் சாலையில் போனால் லெங்கோங் வரும். அங்கே கோத்தா தம்பானில் ஆதிமனிதர்கள் கல்லாயுதம் செய்த இடத்தைத் தோண்டிக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்த மண்ணில் கிடக்கும் சாம்பல் சுமத்ராவின் தோபா எரிமலை கக்கியது. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன்பு நீரிணையைத் தாண்டி, 300 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து வந்து விழுந்தது. ஆந்திராவின் ஜ்வாலாபுரத்திலும் அதே சாம்பல் படிந்திருக்கிறது. இன்று நம் ஆட்கள் குடும்பத்தோடு சுற்றுலா போய்ப் படமெடுக்கும் தோபா ஏரி, அந்த வெடிப்பில் நிலம் உள்ளே இறங்கி உண்டான பள்ளம்தான்.

சரி, அக்கரையில் அத்தனை எரிமலை எப்படி வந்தது? பூமிக்கு அடியில் முழுக்க நெருப்புக் குழம்பு இருக்கிறது என்றுதான் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. கீழே இருப்பது பெரும்பாலும் கெட்டியான பாறை. சூடு பயங்கரம்தான், ஆனால் மேலே உள்ள பாரம் அழுத்துவதால் உருக முடியாமல் கிடக்கிறது. சுமத்ராவுக்கு மேற்கே இந்தியப் பெருங்கடலின் தரைத்தட்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் தீவுக்கு அடியில் நுழைகிறது. போகும்போது தன் பாறைக்குள் பிடித்துவைத்த தண்ணீரையும் கொண்டுபோகிறது. 100 கிலோமீட்டர் ஆழத்தை ஒட்டி அந்தத் தண்ணீர் கசிந்து மேலுள்ள சூடான பாறையில் கலக்கிறது. தண்ணீர் சேர்ந்த பாறை குறைந்த சூட்டிலேயே உருகிவிடும். கல்லை அங்கே உருக்குவது தண்ணீர் என்றால் நம்பச் சிரமமாகத்தான் இருக்கும்! உருகிய குழம்பு சுற்றியுள்ள பாறையைவிட எடை குறைந்தது, அதனால் மேலே ஏறுகிறது. நம் தீபகற்பம் அந்த வரிசைக்கு வெகு தூரம் பின்னால் இருக்கிறது.

வெடிப்பது வாயுவால். ஆழத்தில் குழம்புக்குள் கரைந்திருக்கும் நீராவி, கரியமில வாயு, கந்தக வாயு எல்லாம் மேலே வர வர அழுத்தம் குறைந்து குமிழாகின்றன. ரசம் கொதித்தால் குமிழ் சத்தமில்லாமல் உடையும். கூழ் கொதித்தால் தெறித்துக் கையைச் சுடும். ஹவாயியின் குழம்பு இளகல், வழிந்து ஓடும். சுமத்ரா, ஜாவாப் பக்கம் கெட்டி. வாயுவை உள்ளேயே பிடித்துவைத்திருந்து ஒரேயடியாக விடும்.

அப்புறம், எரிமலை வானிலையை எப்படி மாற்றுகிறது என்று பார்ப்போம். இங்கேதான் நமக்கு ஒரு வசதி, காடு எரிந்து வரும் புகைமூட்டம் என்றால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 2015, 2019 ஆண்டுகளில் பள்ளிக்கூடங்களே மூடப்பட்டன. ஆனால் நல்ல மழை பெய்தால் வானம் தெளிந்துவிடுகிறது. காரணம், அந்தப் புகை தாழ்வாக, மழை பெய்யும் அடுக்கிலேயே மிதக்கிறது. பெரிய எரிமலை கந்தக வாயுவை அதற்கும் மேலே தள்ளிவிடுகிறது. நம் பக்கம் அந்த மேல் அடுக்கு ஏறத்தாழ 17 கிலோமீட்டர் உயரத்தில் தொடங்கும். அங்கே மழை இல்லை. வாயு நுண்ணிய கந்தக அமிலத் துளிகளாகி, உலகைச் சுற்றிப் பரவி, வெயிலில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும்.

1991 ஜூன் 15 அன்று பிலிப்பைன்ஸின் பினாத்துபோ வெடித்தது. அதே நாளில் அங்கே ஒரு சூறாவளியும் வந்து சேர்ந்தது. மழையில் நனைந்த சாம்பலின் பாரம் தாங்காமல் கூரைகள் இடிந்து விழுந்தன, வெடிப்பில் இறந்தவர்களில் பலர் அப்படி இறந்தவர்கள்தான். மழை சாம்பலை இறக்கியது, மேலே போன கந்தகத்தை அதனால் தொட முடியவில்லை. ஏறத்தாழ 1.5 கோடி டன் கந்தக டை-ஆக்சைடு உலகின் சராசரி வெப்பத்தை அரை டிகிரி அளவுக்குக் குறைத்தது.

ஆகவே வெடிச்சத்தத்தை வைத்து எடைபோடக் கூடாது. 1980இல் அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலையின் வடபக்கமே சரிந்து படமெல்லாம் உலகம் சுற்றியது, வானிலையில் பெரிய மாற்றம் இல்லை. 1982இல் மெக்சிகோவின் எல் சிச்சோன் அவ்வளவு பேர் வாங்கவில்லை, ஆனால் கந்தகம் அதிகம், உலகைக் குளிரவைத்தது அதுதான்.

அரை டிகிரிதானே என்று தோன்றலாம். 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் சும்பாவா தீவின் தம்போரா வெடித்தது. ஜாவாவில் அப்போது ஆங்கிலேயர் ராபிள்ஸின் ஆட்சி. முதல் முழக்கங்களைப் பீரங்கிச் சத்தம் என்று நினைத்துப் படை அனுப்பினார்கள். மறு ஆண்டு ஐரோப்பாவில் கோடைக்காலமே வரவில்லை. அமெரிக்காவின் வடகிழக்கில் ஜூன் மாதம் பனி பெய்தது. விளைச்சல் பொய்த்து ரொட்டிக்குக் கலவரம் நடந்தது. இந்தியாவில் பருவமழை தப்பியது. வெயில் குறைந்தால் கடலைவிட நிலம் சீக்கிரம் குளிரும். பருவக்காற்றை இழுப்பதே நிலத்துக்கும் கடலுக்கும் உள்ள சூட்டு வித்தியாசம்தான், அது குறைந்தால் காற்று மெலியும். பால்மரம் சீவியவர்களுக்கும் செம்பனை வெட்டியவர்களுக்கும் மழை தப்பினால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு கேள்வி எப்போதும் வரும்: "எரிமலையும் கரியமில வாயு விடுகிறதே, இன்றைய சூட்டுக்கு அதுதானே காரணம்?" இல்லை. உலகின் எரிமலைகள் எல்லாம் சேர்ந்து ஓராண்டில் விடுவது, மனிதர்கள் எரிபொருள் எரித்து விடுவதில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. பினாத்துபோவின் கந்தகத் திரை இரண்டு மூன்று ஆண்டில் இறங்கிவிட்டது. கரியமில வாயு அப்படி இறங்குவதில்லை.

நன்றி, வணக்கம்.