ஜப்பானின் முதுமைக் கணக்கு

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஜப்பானில் நூறு வயதை எட்டுகிறவர்களுக்குப் பிரதமரின் வாழ்த்து மடலோடு ஒரு வெள்ளிக் கிண்ணம் பரிசாகப் போகிறது. 1963இல் இந்த வழக்கம் தொடங்கியபோது நூறைத் தொட்டவர்கள் நாடு முழுக்க 153 பேர்தான். 2024இல் 95,119 பேர். செலவு கட்டுப்படியாகாமல் 2016 முதல் சுத்த வெள்ளியை விட்டுவிட்டு, வெள்ளி முலாம் பூசிய கிண்ணத்தைக் கொடுக்கிறார்கள். ஒரு நாடு மூப்படைவது எப்படி என்று கேட்டால், நான் முதலில் இதைத்தான் சொல்வேன்.

இதை அளக்க மக்கள்தொகை அறிஞர்கள் வைத்திருக்கும் அளவுகோல் முதியோர் சார்பு விகிதம். 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் எண்ணிக்கையை, 15 முதல் 64 வயது வரையுள்ளவர்களின் எண்ணிக்கையால் வகுத்து நூறால் பெருக்குவார்கள். 1950இல் ஜப்பானில் அது சுமார் 8. அதாவது ஒரு முதியவருக்கு, உழைக்கும் வயதில் 12 பேர். இன்று 50ஐ நெருங்கிவிட்டது. ஒரு முதியவருக்கு இரண்டே பேர்.

வேகத்தையும் பாருங்கள். மொத்த மக்கள்தொகையில் முதியோரின் பங்கு 7 விழுக்காட்டிலிருந்து 14 ஆக, பிரான்சுக்கு நூறு ஆண்டுக்கும் மேல் பிடித்தது. ஜப்பானில் 1970இல் 7, 1994இல் 14. இருபத்து நான்கே ஆண்டுகள்! 1970இல் வேலைக்குச் சேர்ந்த இளைஞர் ஓய்வுபெறும் முன்பே, அவருடைய ஓய்வூதியத்துக்குப் போட்ட கணக்கு தலைகீழாகிவிட்டது.

இதற்குக் காரணம் முதியவர்கள் நெடுநாள் வாழ்வது மட்டும்தானா? இல்லை. நீண்ட ஆயுள் ஒரு நாட்டின் சாதனை, அதைப் பழியாக்கக் கூடாது. குழந்தைகள் குறைந்ததுதான் கணக்கை இவ்வளவு சாய்த்தது. போர் முடிந்த கையோடு ஒரு பெண்ணுக்குச் சராசரியாக நான்குக்கு மேல் இருந்த பிள்ளைப்பேறு, 1989இல் 1.57 ஆகி நாட்டையே உலுக்கியது. 2024இல் 1.15. முடிவில்லாத அலுவலக நேரம், பிள்ளைகளின் படிப்புச் செலவு, வேலையா குடும்பமா என்று பெண்ணை மட்டும் கேட்கும் சமூகம் — இவை எல்லாம் சேர்ந்து திருமணத்தைத் தள்ளிப்போட வைக்கின்றன. திருமணத்துக்கு வெளியே குழந்தை பிறப்பது அங்கே மிக அரிது. ஆகவே மணம் தள்ளிப்போனால் மகப்பேறும் தள்ளிப்போகிறது, பல நேரம் நின்றே போகிறது.

ஆனால் இந்த விகிதத்தை அப்படியே நம்பிவிடாதீர்கள் என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். அது பிறந்த தேதியை மட்டும் பார்க்கிறது. ஜப்பானில் 65 தாண்டியவர்களில் நான்கில் ஒருவர் இன்னமும் வேலை பார்க்கிறார். 68 வயதில் டாக்ஸி ஓட்டி வரி கட்டுகிறவர் இந்தக் கணக்கில் பாரம். தாயைப் பார்த்துக்கொள்ள 52 வயதில் வேலையை விட்டு வீட்டோடு இருக்கும் மகளோ பாரம் சுமப்பவர் பட்டியலில் இருக்கிறார். அவர் உண்மையிலேயே சுமக்கிறார், சம்பளம்தான் இல்லை. இப்படிப் பராமரிப்புக்காக வேலையை விடுகிறவர்கள் அங்கே ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் பேர். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

அதற்காக, ஓய்வு வயதை 70 ஆக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்வதும் நியாயமில்லை. பாடம் நடத்துகிறவரின் உடம்பும் சாரத்தில் ஏறுகிறவரின் உடம்பும் ஒன்றா? நாற்பது ஆண்டு தவறாமல் சந்தா கட்டியவருக்கு 2024இல் கிடைத்த அடிப்படை ஓய்வூதியம் மாதம் 68,000 யென். அதை மட்டும் நம்பித் தனியாக வாழும் மூதாட்டி வேலைக்குப் போவதை உற்சாகம் என்று புகழ எனக்கு மனம் வரவில்லை.

ஜப்பான் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடவில்லை. 1973இல் எழுபது வயதானவர்களுக்கு மருத்துவத்தை இலவசமாக்கியது. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாத முதியவர்கள் நோய் தீர்ந்த பிறகும் மருத்துவமனைக் கட்டிலிலேயே தங்கிவிட்டார்கள். பத்தே ஆண்டில் அந்தச் சலுகை முடிவுக்கு வந்தது. தேவைப்பட்டது மருந்து அல்ல, பராமரிப்பு என்று அந்த அனுபவம் காட்டியது. 2000இல் பராமரிப்புக் காப்பீடு வந்தது. நாற்பது வயதானால் எல்லோரும் அதற்குச் சந்தா கட்ட வேண்டும். உதவி கேட்டு விண்ணப்பித்தால் ஒரு மதிப்பீட்டாளர் வீட்டுக்கே வருவார். படுக்கையில் தானாகப் புரண்டு படுக்க முடிகிறதா, நகம் வெட்டிக்கொள்ள முடிகிறதா, மாத்திரையை மறக்காமல் எடுக்கிறீர்களா என்று 74 கேள்விகள். அதையும் மருத்துவரின் கருத்தையும் வைத்து ஏழு படிகளில் ஒன்றில் சேர்ப்பார்கள். பெரும்பாலோர் செலவில் பத்தில் ஒரு பங்கு கட்டினால் போதும். எந்தப் படி என்று முடிவு செய்ய, மகளோ மருமகளோ இருக்கிறாளா என்று பார்ப்பதில்லை. அந்த மனிதரின் தேவைதான் அளவுகோல். இதை நான் மனமார மதிக்கிறேன்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. பராமரிப்புப் பணிக்கு எவ்வளவு கட்டணம் என்பதை மூன்றாண்டுக்கு ஒரு முறை அரசாங்கம்தான் திருத்தி அமைக்கிறது. கட்டணம் குறைவு என்பதால் ஊழியரின் சம்பளமும் மற்றத் துறைகளைவிடக் குறைவு. ஆள் கிடைக்காமல் 2008 முதல் இந்தோனேசியாவிலிருந்தும், பிறகு பிலிப்பைன்ஸ், வியட்நாமிலிருந்தும் ஆட்களை அழைக்கிறார்கள். இவ்வளவு தட்டுப்பாட்டுக்கு நடுவில், 2024 திருத்தத்தில் வீடு தேடிப் போய்ச் செய்யும் பராமரிப்புக்கான அடிப்படைக் கட்டணத்தைக் குறைத்தார்கள். சிறு நிறுவனங்களுக்கு இது பெரிய அடி. மற்றச் செலவுகளில் எதை வெட்டினாலும், முதியவரைப் புரட்டிப் படுக்க வைக்கிற அந்தக் கைக்குத் தரும் கூலியை வெட்டியது தவறு என்றே சொல்வேன்.