புகாரில் விட்டுப்போகிற ஒரு வரி

நேயர்களுக்கு வணக்கம். வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்றத்தில் ஆக்சிடென்ட் கேஸ் நடத்துகிற வக்கீல் நான். எஃப்.ஐ.ஆர் படித்துப் படித்து ஒரு வரி எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது: 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து மோதிவிட்டார்.' குடியாத்தத்தில் நடந்தாலும் ஆற்காட்டில் நடந்தாலும் இதே வரிதான். ஓட்டியவர் வாட்ஸ்அப்பில் பதில் தட்டிக்கொண்டே வந்தாரா என்பதெல்லாம் அதற்குள் காணாமல் போய்விடும்.

பள்ளிகொண்டா பக்கத்தில் நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். பால் கேனோடு சைக்கிளில் போனவரைப் பின்னால் வந்த கார் அடித்துவிட்டது. ஓட்டியவர் குனிந்து போனைப் பார்த்தபடி வந்ததை டீக்கடையில் நின்ற மூன்று பேர் பார்த்திருக்கிறார்கள். ஆனால் ஆஸ்பத்திரி அலைச்சலுக்கு நடுவில் தம்பி எழுதிக் கொடுத்த புகாரில் போன் என்ற சொல்லே இல்லை. இரண்டு வருஷம் கழித்து அந்த மூவரில் ஒருவரைக் கூண்டில் ஏற்றினேன். இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் கேட்டது ஒரே கேள்வி: "இதை அன்றைக்கே ஏன் போலீசில் சொல்லவில்லை?" சாட்சி என்னைப் பார்த்தார். நான் பேப்பரைப் பார்த்தேன்.

இழப்பீடு கிடைத்தது. ஆனால் சைக்கிள்காரர் கையைக் காட்டாமல் திரும்பினார், அவர் மீதும் தப்பு இருக்கிறது என்று வாதாடி, நாலில் ஒரு பங்கைக் கழிக்க வைத்துவிட்டார்கள். போன் விஷயம் எழுத்தில் இருந்திருந்தால் அந்த வாதம் இவ்வளவு சுலபமாக எடுபட்டிருக்காது.

ஆகவே புகாரிலேயே எழுதுங்கள். விட்டுப்போயிருந்தால் விசாரணை அதிகாரியிடம் தனியாக ஒரு மனு கொடுத்து, ஓட்டியவரின் போனைக் கைப்பற்றவும் அந்த நேரத்து அழைப்பு விவரத்தை வாங்கவும் கேளுங்கள். ரசீது வாங்க மறக்காதீர்கள். அழைப்புப் பதிவில் பேசியதும் எஸ்.எம்.எஸ். அனுப்பியதும் நேரத்தோடு வரும். வாட்ஸ்அப் செய்தி அதில் வராது. டேட்டா ஓடியது தெரியும், ஆனால் பாக்கெட்டில் சும்மா கிடக்கிற போனிலும் டேட்டா ஓடும். அதனால் கண்ணால் பார்த்த சாட்சிக்குத்தான் மதிப்பு அதிகம். எதிரே இருக்கும் கடையின் கேமரா பதிவு சில நாளிலேயே தானாக அழிந்துவிடும். அதை முதலில் கேளுங்கள்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டுவது, 2019 திருத்தத்துக்குப் பிறகு, மோட்டார் வாகனச் சட்டம் 184ஆம் பிரிவில் ஆபத்தான ஓட்டுதலாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது. முதல் தடவைக்கு 6 மாதம் முதல் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், இல்லையென்றால் இரண்டும். உயிர்ப்பலி என்றால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 5 ஆண்டு வரை தண்டனை உண்டு. அது அரசு நடத்துகிற கிரிமினல் வழக்கு. உங்கள் நஷ்ட ஈடு வேறு வழக்கு, மோட்டார் வாகன விபத்து தீர்ப்பாயத்தில். அங்கே சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கிரிமினல் கோர்ட்டில் டிரைவர் விடுதலையானாலும் உங்கள் மனு அதனாலேயே விழுந்துவிடாது.

விபத்து நடந்த ஊரிலேயே வழக்குப் போட வேண்டும் என்று நினைக்கிறவர்கள் நிறைய. தேவையில்லை. ஸ்ரீபெரும்புதூரில் வேலைக்குப் போன பிள்ளை அங்கே அடிபட்டாலும், குடும்பம் காட்பாடியில் இருந்தால் வேலூரிலேயே போடலாம்.

அப்புறம், கெடு. 2022 ஏப்ரல் முதல், விபத்து நடந்து 6 மாதத்துக்குள் நஷ்ட ஈட்டு மனு போட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். அங்கே சாதகமாகத் தீர்ப்பு வரும் என்று நம்பி நாளைக் கடத்தாதீர்கள்.

யார் தப்பு என்று பார்க்காமலே இறப்புக்கு 5 லட்சம், பலத்த காயத்துக்கு இரண்டரை லட்சம் கிடைக்க மோட்டார் வாகனச் சட்டம் 164ஆம் பிரிவு வழி செய்கிறது. சீக்கிரம் கிடைக்கும்தான். ஆனால் அதை வாங்கிக்கொண்டால் தீர்ப்பாயத்தில் போட்ட மனு முடிந்துவிடும். சம்பாதிக்கிற வயசில் இருந்தவரை இழந்த குடும்பத்துக்கு, வயசையும் வருமானத்தையும் வைத்துக் கணக்குப் போட்டால், அதைவிடப் பல மடங்கு வரலாம். கையெழுத்துப் போடும் முன் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். மோதிய வண்டி எதுவென்றே தெரியவில்லை என்றாலும் இறப்புக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய் உண்டு.

வக்கீல் வைக்க வசதியில்லையா? 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கூப்பிடுங்கள். ஐ.சி.யூ. வாசலில், "நான் பார்த்துக்கிறேன், இதில் ஒரு கையெழுத்து" என்று வெற்றுப் பேப்பரை நீட்டுகிறவர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் போட வேண்டாம். வணக்கம்.