ஜான் லூயிஸின் பை

நேயர்களுக்கு வணக்கம். எங்கள் ஊர் பாப்பாரப்பட்டி. சுப்பிரமணிய சிவா கண்மூடிய ஊர். ஜெயில் ஒரு மனிதனின் உடம்பை என்ன பாடு படுத்தும் என்பதைச் சின்ன வயதிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அதனால்தானோ என்னவோ, அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்குப் போராடிய ஜான் லூயிஸைப் பற்றிப் படித்தபோது அவர் தோளில் தொங்கிய பைதான் என் மனதில் நின்றது.

1965 மார்ச் 7. அமெரிக்காவில் அலபாமா மாநிலம், செல்மா. கறுப்பின மக்களுக்கு ஓட்டுரிமை கேட்டு ஏறக்குறைய 600 பேர் பாலத்தில் நடக்கிறார்கள். முன்வரிசையில் 25 வயது லூயிஸ். பைக்குள் இரண்டு புத்தகம், ஒரு ஆப்பிள், ஒரு ஆரஞ்சு, பிரஷ், பேஸ்ட். எப்படியும் பிடித்து உள்ளே போடுவார்கள், பசிக்கும், பொழுதும் போகவேண்டுமே! ஆனால் அன்று போலீஸ் தடியைத்தான் எடுத்தது. மண்டை உடைந்தது. பை போன இடம் தெரியவில்லை. அந்த அடியை நாடே டிவியில் பார்த்தது. ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானது.

அவர் நம்மைப் போல விவசாயக் குடும்பம். அப்பா அடுத்தவர் நிலத்தில் வாரத்துக்குப் பயிர் செய்தவர். 1944-ல் 300 டாலருக்கு 110 ஏக்கர் வாங்கினார். கோழிகளைப் பார்த்துக்கொள்வது சிறுவன் லூயிஸின் வேலை. அவற்றை உட்காரவைத்துப் பிரசங்கம் செய்வானாம். கோழி அடித்த அன்று சாப்பிட மாட்டானாம். நம் பக்கம் பண்டிகை நாளில் இப்படி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும் பிள்ளை வீட்டுக்கு ஒன்று உண்டு.

அப்புறம் நாஷ்வில்லில் படிப்பு. அங்கே ஜேம்ஸ் லாசன் என்பவர் பயிற்சி வகுப்பு நடத்தினார். நம் நாக்பூரில் தங்கி, காந்தியின் வழியைக் கற்றுக்கொண்டு போனவர். வகுப்பில் சிலர் எதிராளிபோல நடித்துத் திட்டுவார்கள், முகத்தில் சிகரெட் புகையை ஊதுவார்கள். மற்றவர்கள் கை ஓங்காமல் உட்கார்ந்து பழகவேண்டும். பாலத்தில் நின்ற தைரியம் இப்படிப் பழகி வந்ததுதான்.

1986-ல் நாடாளுமன்றத் தேர்தல். கட்சிக்குள் நடந்த வேட்பாளர் போட்டியில் எதிரே நின்றவர் போராட்டக் காலத்து நண்பர் ஜூலியன் பாண்ட். போதைப் பரிசோதனைக்கு வரத் தயாரா என்று நண்பரையே சீண்டினார் லூயிஸ். ஜெயித்தார், சரி. எனக்கு அது பிடிக்கவில்லை. 2020-ல் சாகும்வரை உறுப்பினராக இருந்தார். பதவியில் இருந்துகொண்டே ஐந்து முறை கைதானார்.

இன்னொன்று. அவருக்குப் பதினாறு வயதில் ஊர் நூலகத்தில் உறுப்பினர் அட்டை கேட்டுப் போனார். வெள்ளையருக்கு மட்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1998-ல் அதே நூலகம், லூயிஸ் எழுதிய புத்தகத்தில் கையெழுத்துப் போட வரும்படி அவரை அழைத்தது. நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு அட்டையைக் கொடுத்தார்கள். அப்போது அவருக்கு வயது 58.