விலை விசாரிக்க நாள் பாக்கத் தேவையில்லை

வணக்கம் நேயர்களே. இந்தப் பின்னேர நேரத்தில கனபேர் குசினியில நிண்டுகொண்டு கேப்பியள், சிலபேர் கடையில கல்லாவுக்குப் பக்கத்தில றேடியோவை வைச்சுக்கொண்டு, ஓட்டோ ஓடுற தம்பிமார் ஓடிக்கொண்டே கேப்பியள். எல்லாருக்கும் வணக்கம். இலக்கு வைக்கிறது, அதுக்குப் பிறகு காரியத்தில இறங்கிறது, இதைப் பற்றிக் கதைக்கச் சொல்லிக் கூப்பிட்டிருக்கினம். நான் கனகாலமா சுயதொழில் செய்யிற ஆக்களோட, அதிலயும் வீட்டில இருந்து சாமான் செய்து விக்கிற பெண்களோட திரியிற ஆள், அதால அங்க கண்டதை வைச்சுத்தான் கதைப்பன்.

முதல் ஒண்டு சொல்லுறன். யாழ்ப்பாணத்தில இலக்குக்குப் பஞ்சம் இல்லை. பிள்ளை பிறந்த உடனேயே டொக்டரோ இஞ்சினியரோ எண்டு முடிவெடுக்கிற ஊர் இது. யாரைக் கேட்டாலும் மனசில ஒரு கடை இருக்கு, ஒரு கோழிப்பண்ணை இருக்கு, ஒரு ரியூசன் சென்ரர் இருக்கு. எப்ப தொடங்கிறியள் எண்டு கேட்டாத்தான் கதை மாறுது. ஆடி மாசம் கூடாது, ஆடி போகட்டும். பிறகு நல்லூர்த் தேர் முடியட்டும். பிறகு புரட்டாதிச் சனி. ஐப்பசி கார்த்திகை எண்டா மழை, மார்கழி எண்டா தொடவே கூடாது, தை பிறக்கட்டும். தை பிறந்தா பிள்ளையின்ர சோதினை. இப்பிடித்தான் ஒரு வருசம் போறது.

நான் நாள் பாக்கிறதைக் குறை சொல்லேல்லை. என்ர வீட்டிலயும் நாள் பாத்துத்தான் நல்லது கெட்டது செய்யிறம். கடை திறக்க நாள் பாருங்கோ, பால் காச்ச நாள் பாருங்கோ. ஆனா விலை விசாரிக்க நாள் பாக்கத் தேவையில்லை. இதை நான் இண்டைக்குத் திரும்பத் திரும்பச் சொல்லுவன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

மார்கழி எண்ட உடனே எனக்கு எப்பவும் ஞாபகம் வாறது எங்கட ஆறுமுக நாவலர்தான். அவற்ற கதையை நான் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் சொல்லாமல் வாறேல்லை. 1847ஆம் ஆண்டு டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயில்ல அவர் முதல் பிரசங்கம் செய்தவர். தேதியைக் கவனிச்சியளோ? நடு மார்கழி! வயசு அப்ப 25. அவருக்கு இருந்த இலக்கு எவ்வளவு பெரிசு எண்டு யோசியுங்கோ, சைவப் பிள்ளையளுக்குச் சைவப் பள்ளிக்கூடம் வேணும், தமிழ்ப் புத்தகங்கள் பிழையில்லாமல் அச்சில வரவேணும். அவ்வளவையும் மனசில வைச்சுக்கொண்டு அவர் முதல் செய்தது என்ன? ஒவ்வொரு வெள்ளிக்கிழமை பின்னேரமும் அந்தக் கோயில்ல பேசுறது. அதுக்குக் கட்டிடம் தேவையில்லை, அச்சு யந்திரம் தேவையில்லை. கிழமை இருக்கு, நேரம் இருக்கு, இடம் இருக்கு, அவ்வளவுதான். பேர்சிவல் பாதிரியாரோட மிஷன் பள்ளிக்கூடத்தில வேலையில இருந்துகொண்டுதான் அதைத் தொடங்கினவர் எண்டதையும் வேலை செய்யிற தம்பி தங்கச்சிமார் கவனியுங்கோ, வேலையை விட்டது அடுத்த வருசம்தான். அந்த 1848இலதான் வண்ணார்பண்ணையில சைவப்பிரகாச வித்தியாசாலை வருது. 1849இல சென்னைக்குப் போய் அச்சு யந்திரம் வாங்கிக்கொண்டு வாறார். அதாவது பேச்சு முதல், பள்ளிக்கூடம் பிறகு, யந்திரம் அதுக்கும் பிறகு. எங்கட ஆக்கள் இதை அப்பிடியே தலைகீழாச் செய்யினம், முதல் யந்திரம், அதுவும் கடனெடுத்து.

நாவலர் வெள்ளிக்கிழமை, பின்னேரம், இன்ன கோயில் எண்டு வைச்சார் பாருங்கோ, அதைப் பற்றி இந்தக் காலத்து உளவியல்காரர் நல்லா ஆராய்ஞ்சிருக்கினம். ஜெர்மனிக்காரர் பீற்றர் கோல்விற்சர் எண்டு ஒரு பேராசிரியர். அவர் சொல்லுறது சுருக்கமா இதுதான், ஒண்டைச் செய்ய ஆசைப்படுறது வேற, எப்ப எங்க எப்பிடிச் செய்வன் எண்டு முடிவெடுக்கிறது வேற. 2002இல பிரித்தானியாவில பல்கலைக்கழக மாணவரை வைச்சு ஒரு ஆய்வு நடந்தது. ஒரு கிழமையில ஒருக்காவது 20 நிமிசம் உடற்பயிற்சி செய்யவேணும். சும்மா விட்டவையில 38 வீதம் பேர் செய்தவை. இன்னொரு பகுதிக்கு இருதய நோயைப் பற்றி வாசிக்கக் குடுத்து நல்லா ஊக்கப்படுத்தினவை, அதில 35 வீதம், ஒண்டும் கூடேல்லை. மூண்டாவது பகுதிக்கு அந்த ஊக்கத்தோட, இன்ன நாள் இன்ன நேரம் இன்ன இடத்தில செய்வன் எண்டு எழுதவும் வைச்சவை. 91 வீதம் பேர் செய்தவை! நாள், நேரம், இடம். அதை எழுதினதுதான் வித்தியாசம்.

அதால ஊக்கப்படுத்திற பேச்சுகளைக் கேட்டுக்கேட்டே காலம் போக்கிற பிள்ளையளுக்கு ஒண்டு சொல்லவேணும். அந்தப் பேச்சுகள்ல அடிக்கடி வாற ஒரு கதை இருக்கு, 1953இல யேல் பல்கலைக்கழகத்தில இலக்கை எழுதி வைச்ச 3 வீதம் பேர், 20 வருசத்துக்குப் பிறகு மிச்ச 97 வீதத்தை விடக் கூடக் காசு சேத்திருந்தவை எண்டு. அப்பிடி ஒரு ஆய்வு நடக்கவே இல்லை. 1996இல ஒரு அமெரிக்க வர்த்தகச் சஞ்சிகை தேடிப் பாத்தது, யேல் பல்கலைக்கழகமே இல்லை எண்டு சொல்லிப்போட்டுது. எழுதிறது நல்லதுதான், ஆனா எழுதினாக் காசு வரும் எண்டு பிள்ளையளுக்குப் பொய்க்கதை சொல்லக்கூடாது. எதை எழுதிறம் எண்டதுதான் விசயம்.

சரி, இப்ப ஒரு அக்காவின்ர கதைக்கு வாறன். கோப்பாய்ப் பக்கம், பேர் சொல்லேல்லை. அவவின்ர கைத்தூள் அந்தச் சுற்றுவட்டாரத்தில பேர் போனது, மிளகாய் மல்லி மிளகு சீரகம் பெருஞ்சீரகம் வெந்தயம் கறிவேப்பிலை எல்லாம் பதமா வறுத்து, வெளிநாட்டில இருந்து வந்து போற சொந்தக்காரர் சூட்கேசில கொண்டுபோவினம். அவவின்ர இலக்கு, எங்கட தூள் லண்டன் கடையில இருக்கவேணும். நல்ல இலக்கு. அதுக்கு முதல் அரைக்கிற மெசின் வாங்கவேணும், அதுக்கு லோன் எடுக்கவேணும், லோன் எடுக்க நல்லூர்த் திருவிழா முடியவேணும்.

நான் கேட்டன், அக்கா, திருவிழா முடிய மழை தொடங்கிடும், மிளகாயை எங்க காயவைப்பியள்? அவ கொஞ்ச நேரம் கதைக்கேல்லை. பிறகு, ஓம் தம்பி, அப்ப தைக்குத்தான் எண்டா. பாத்தியளே, ஆடியில ஒரு மாசம் பொறுப்பம் எண்டது எப்பிடி அரை வருசமாப் போகுது எண்டு. நான் சொன்னன், மெசினை விடுங்கோ, லோனை விடுங்கோ, ஆடியில தொழில் தொடங்கவும் வேண்டாம், வாற சனிக்கிழமை விடிய 7 மணிக்குச் சுன்னாகம் சந்தைக்குப் போய்ச் செத்தல் மிளகாய் என்ன விலை, மல்லி என்ன விலை எண்டு மட்டும் மூண்டு கடையில கேட்டு ஒரு கொப்பியில எழுதிக்கொண்டு வாங்கோ. விலை விசாரிக்க நாள் பாக்கத் தேவையில்லைத்தானே அக்கா? சிரிச்சுப்போட்டு, ஓம், அதுக்கென்ன எண்டா.

போனவ. விலை கேக்கப் போனவ ஒரு கிலோ மிளகாயும் வாங்கிக்கொண்டுதான் வந்தவ, அது வேற கதை. பக்கத்து மில்லில அரைச்சு 100 கிராம் பக்கற்றா 20 பக்கற் கட்டி ரெண்டு கடைக்குக் குடுத்தவ. ஒரு கடைக்காரர் சில பக்கற்றைத் திருப்பித் தந்திட்டார், காத்துப் போய்த் தூள் கட்டி பட்டிட்டுது. மெசின் வாங்கி மூட்டைக் கணக்கில அரைச்ச பிறகு இது நடந்திருந்தா என்ன கதி எண்டு யோசியுங்கோ! 20 பக்கற்றோட விளங்கினதால, அவ முதல் வாங்கினது அரைக்கிற மெசின் இல்லை, பக்கற் ஒட்டுற சின்ன சீலர்.

அடுத்தது விலை. இதைக் குசினியில நிண்டு கேக்கிற அக்காமார் கொஞ்சம் வடிவாக் கேளுங்கோ, ஏனெண்டா நான் பாத்த அளவில கூடப்பேர் விழுந்துபோறது இதிலதான். ஒரு பேச்சுக்குக் கணக்குச் சொல்லுறன். மிளகாய் மல்லி சரக்கெல்லாம் 2400 ரூவா, மில் கூலி 150, பக்கற்றும் லேபலும் 200, போக்குவரத்து 250, எல்லாமா 3000. ரெண்டு கிலோ தூள் வந்தா 20 பக்கற், ஒரு பக்கற் 150 ரூவா விழுகுது. அந்த அக்கா கடைக்கு 170க்குக் குடுத்தவ, 20 ரூவா லாபம் எண்டு சந்தோசம். 20 பக்கற்றுக்கு 400 ரூவா. வெயில்ல காயவைச்சு, நெருப்புக்கு முன்னால நிண்டு வறுத்து, மில்லுக்குக் காவி, பக்கற் கட்டி, கடைக்குக் கொண்டுபோய்க் குடுத்ததுக்கு 400! தோட்டத்துக்கு ஒரு ஆளைக் கூப்பிட்டா அந்தக் காசுக்கு வருவினமோ? வீட்டுக் கறிவேப்பிலையும் விறகும் கணக்கிலயே இல்லை. எங்கட பெண்கள் தங்கட உழைப்புக்கு விலை போடுறேல்லை, அது எனக்குச் சரியான கவலை. உங்கட கூலியைச் செலவுக்குள்ள எழுதுங்கோ, அதுக்கு மேல வாறதுதான் லாபம். அந்த அக்கா பிறகு 220க்குக் கொண்டுபோனவ, ஒரு கடை வேண்டாம் எண்டிட்டுது, மற்றது எடுத்தது, கொழும்பில வெள்ளவத்தையில ஒரு கடையும் இப்ப பார்சல்ல எடுக்குது. லண்டனுக்கு இன்னும் போகேல்லை. ஏற்றுமதிக்கு வேற அனுமதியள் பரிசோதனையள் இருக்கு, அவ இப்ப அந்தப் படியில நிக்கிறா, ஒவ்வொண்டா விசாரிச்சுக்கொண்டு.

இலக்கு சின்னனா இருக்கவேணும் எண்டு நான் சொல்லேல்லை, பிழையா விளங்கிக்கொள்ளாதேங்கோ. எட்வின் லொக் எண்ட அமெரிக்கப் பேராசிரியர் 1968இலயே எழுதினவர், "ஏலுமானதைச் செய்வம்" எண்டு தொடங்கிறவையை விட, தெளிவான, கொஞ்சம் கஷ்டமான இலக்கு வைச்சவை கூடச் செய்யினம் எண்டு. எங்கட வாயில அடிக்கடி வாற சொல்லு அது, ஏலுமானதைச் செய்வம், பாப்பம். பாப்பம் எண்டு சொன்ன எந்த அலுவல் நடந்தது? இந்த மாசம் 100 பக்கற், அப்பிடிச் சொல்லுங்கோ. இலக்கு பெரிசா இருக்கட்டும், இந்தக் கிழமை வைக்கிற அடி சின்னனா இருக்கட்டும்.

காலக்கணக்கையும் கொஞ்சம் தளர்த்திப் போடுங்கோ. 1994இல கனடாவில, கடைசி வருச ஆய்வுக்கட்டுரை எழுதின மாணவரிட்ட எப்ப முடிப்பியள் எண்டு கேட்டவை. சராசரி 34 நாள் எண்டவை, எடுத்தது 55 நாளுக்கு மேல. வீடு கட்டின ஆக்களுக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இன்னொண்டு, தொடங்க முதலே ஊர் முழுக்கச் சொல்லாதேங்கோ. கண்ணூறு படும் எண்டு அம்மம்மாமார் சொல்லுவினம், அதை விடுவம், கோல்விற்சரும் ஆக்களும் 2009இல சட்ட மாணவரை வைச்சுப் பாத்தவை. தன்ர எண்ணத்தை மற்றவை கேட்டு ஏற்றுக்கொண்ட உடனே, சிலருக்கு ஏற்கனவே அப்பிடி ஆகிட்டம் எண்ட மாதிரி ஒரு திருப்தி வந்திடுது, பிறகு வேலையைக் குறைச்சுத்தான் செய்தவை. பேஸ்புக்கில "விரைவில் உதயம்" எண்டு போட்டு 500 லைக் வாங்கின தம்பிமார் இதை யோசியுங்கோ. சொல்லுறதெண்டா, சனிக்கிழமை பின்னேரம் "போனியோ?" எண்டு கேக்கக்கூடிய ஒரு ஆளுக்குச் சொல்லுங்கோ. அந்த ஒரு ஆள் போதும்.

கண்ணாடிக்கு அங்கால இருந்து கை காட்டினம், ரெண்டு நிமிசம்தானாம். கணக்கு எழுதிறதைப் பற்றி விரிவாச் சொல்லத்தான் இருந்தனான், ஓடிஓடிச் சொல்லுறன். வீட்டுக்காசையும் தொழில் காசையும் ரெண்டு பெட்டியில வையுங்கோ, வீட்டுக்கு எடுத்தா எடுத்தன் எண்டு எழுதுங்கோ. கடைக்குக் கடனுக்குக் குடுத்தா, அடுத்த முறை போகேக்க பழைய காசை வாங்கினாப் பிறகுதான் புதுச் சாமான் இறக்கவேணும். கிழமைக்குக் கிழமை கட்டுற நுண்கடனை எடுத்துத் தொழில் தொடங்காதேங்கோ, மிளகாய்த்தூள் காசு கிழமைக்குக் கிழமை வாறேல்லை, அதால பட்ட குடும்பங்களை நான் கண்டிருக்கிறன். வியாபாரப் பேரைப் பதியிறதுக்கு உங்கட பிரதேச செயலகத்தில கேளுங்கோ, கிராம சேவையாளரும் விளக்கம் தருவார். சாப்பாட்டுச் சாமான் எண்டா பொதுச் சுகாதாரப் பரிசோதகரை நீங்களாப் போய்ச் சந்தியுங்கோ, அவர் வந்து பிடிக்கும் வரைக்கும் நிக்காதேங்கோ. லேபல்ல நிறை, சேர்மானம், செய்த திகதி, முடியிற திகதி, விலை, உங்கட விலாசம் எல்லாம் இருக்கவேணும். வங்கிக் கடனைப் பற்றி ஒரு பகுதி மிச்சம் கிடக்கு, இன்னொரு நாள் கூப்பிட்டினம் எண்டா சொல்லுறன். நன்றி, வணக்கம்.